அங்கீகாரம் பெற்ற இருமல்

வியனுக்கு மேடையில் மொத்த வேலையே கால் மணி நேரம்தான். சயாம் தேசத்து ஊர்க்கூத்தான லிக்கே தொடங்கும் முன்னால் தலையில் முண்டாசும் முகத்தில் பஞ்சுத் தாடியும் கழுத்தில் பாசிமணியுமாக அவன் வந்து நிற்க வேண்டும். மேற்கே கடல் தாண்டி வந்த வியாபாரி வேஷம் அது. சயாமில் நம்மைப் போன்ற ஆட்களுக்கு, அராபியனோ மலாய்க்காரனோ தமிழனோ, யாராக இருந்தாலும் ‘கேக்’ என்று ஒரே பெயர். வேஷத்துக்கும் அதே பெயர். கேக் வருவான், யாருக்கும் புரியாத பாஷையில் நாலு வரி பாடுவான், பிறகு உள்ளூர்ப் பேச்சுக்கு இறங்கிவந்து கூட்டத்தை வாழ்த்துவான், ஆட்டத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்வான், போய்விடுவான். அப்புறம்தான் ராஜாவும் ராணியும். ராஜா போருக்குப் புறப்படும் நேரத்தில் வியன் திரைக்குப் பின்னால் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

லிக்கேயில் எழுதிவைத்த வசனம் கிடையாது. முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டிருக்கும்போதே குழுத்தலைவர் இன்றைக்கு இன்ன கதை என்று சொல்லிவிடுவார். மேடைக்குப் போய் அவரவர் வாயில் வருவதைப் பாட வேண்டியதுதான். இதில் மற்றவர்களுக்காவது கதை என்று ஒன்று உண்டு. வியனுக்கு அதுவும் இல்லை. எதிரே இருக்கிற முகங்கள்தான் அவனுக்குக் கதை. முன்வரிசையில் நிறைமாதக்காரி தெரிந்தால் சுகப்பிரசவம் ஆகட்டும் என்பான். எருமையைப் பறிகொடுத்தவன் உட்கார்ந்திருந்தால் அடுத்த எருமை இரட்டைக் கன்று போடட்டும் என்பான். கூட்டம் கைகூப்பி ‘சாது’ என்று சொல்லும். வாழ்த்தை வாங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். ராஜா ராணியைப் பார்க்க லேட்டாக வருகிறவர்கள்கூட, வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால் கேக் வருவதற்கு முன்பே வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்டை நாகரிகப்படுத்த வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. போர் நடந்துகொண்டிருந்தது. அரிசி கிடைக்கவில்லை, மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை, ஆனால் தொப்பி கட்டாயமாயிற்று. பெரிய நாடுகளில் எல்லாரும் தொப்பி போடுகிறார்கள், ஆகவே எல்லாரும் தொப்பி போட்டால் நாமும் பெரிய நாடு என்று கணக்கு. வெற்றிலை போடக் கூடாது, வெற்றுக் காலோடு ஆபீசுக்குள் நுழையக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. புருஷன் வேலைக்குக் கிளம்புமுன் மனைவியை முத்தமிட வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அரசாங்க ஊழியர் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வட்டமாக நின்று ஆட வேண்டும். இந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவர்கள் அதை வெளியே சொல்லவில்லை.

வியன் குழு ஆடிக்கொண்டிருந்த ஆற்றங்கரை ஊருக்கு, கலைச் செம்மைக் குழு என்று ஒன்று தலைநகரிலிருந்து வந்து இறங்கியது. அதன் தலைவர் சனித். ஐரோப்பாவில் எதையோ படித்துவிட்டு வந்தவர். எதை என்று அவரும் சொன்னதில்லை. வந்ததும் லிக்கேயைச் செம்மைப்படுத்தத் தொடங்கினார். தரையில் உட்காரக் கூடாது என்பதால் ராஜாவுக்கு நாற்காலி போட்டார்கள். மந்திரிக்கும் போட்டார்கள். காலில் விழுந்து கெஞ்சும் காட்சியில் பிச்சைக்காரியும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி கெஞ்சினாள். போருக்குப் போகும் ராஜா தொப்பி அணிந்து, ராணியைக் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றார்கள். ராணி வேஷம் லமாய்க்கு. அவள் வியனின் பெண்டாட்டி. ராஜா வேஷக்காரன் தோங்கம் முதலில் வியன் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் குடிக்கிறவனைப் போலக் காரியத்தை முடித்தான். பெண்கள் பகுதியில் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

“நாகரிகம்னா இவ்ளோ பிசுபிசுன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்று லமாய் உள்ளே வந்து கன்னத்தைத் துடைத்தாள். “அவன் மூஞ்சிப் பவுடர் பூரா என் மேலதான்.”

“அவன் என்னண்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான்,” என்றான் வியன். “சட்டத்துக்கு நான் எதுக்குடா மன்னிக்கணும்னேன்.”

“நீங்க வேலைக்குப் போறப்ப எனக்கு ஒண்ணும் குடுக்கலியே. போலீசுல புடிச்சுக் குடுக்கட்டுமா?”

“என் வேல திரைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம். அதுக்குள்ள எங்க நிறுத்தி முத்தம் குடுக்கறது?”

இந்த மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு புது உத்தரவு வரும்வரைதான். கலைஞர் ஒவ்வொருவரும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் இல்லாதவர் தொழிலற்றவர். தொழிலற்றவர் வடக்கே மலைக்காட்டுச் சாலை வேலைக்கு. அந்தச் சாலையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் பிடித்துப்போனவர்களில் படகுக்காரன் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான்; காய்ச்சலில் கொதித்து மஞ்சள் பூசினது போன்ற உடம்போடு வந்து, வந்த வாரமே போய்ச் சேர்ந்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டபோது, சாலையோரத்தில்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் கீழே, என்று சொல்லியிருந்தான்.

தோங்கம் தேறினான். லமாய் தேறினாள். மத்தளக்காரர்கூட நாற்காலியில் உட்கார்ந்து, எட்டாத மத்தளத்தைக் குனிந்து குனிந்து அடித்துத் தேறிவிட்டார். கடைசியாக வியனைக் கூப்பிட்டார்கள். லமாய் பழைய நாடகத்தில் வெள்ளைக்காரத் துரை போட்ட தொப்பியை அவன் தலையில் கவிழ்த்தாள். அது காதுவரை இறங்கியது. பற்களைக் கரியால் தேய்த்தும் வெற்றிலைக் கறை போகவில்லை. “வாயத் தொறக்காமப் பேசுங்க,” என்று சொல்லி அனுப்பினாள்.

மாவட்ட ஆபீசின் பெரிய கூடத்தில் சனித் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, தாடையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி, அதன்மேல் தொப்பி வைத்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா பிரயூன் பேனாவும் கையுமாக இருந்தான். ஒரு எழுத்தும் தவறவிடாதவன் என்று பெயர் எடுத்த பையன்.

“வேஷம் என்ன?” என்றார் சனித்.

“கேக்குங்க.”

“அந்நியனா?”

“மேடையில மட்டுங்க. எறங்கினா இந்த ஊர்தான்.”

சனித் கூடத்தில் இருந்த மற்ற அங்கத்தினர்களைப் பார்த்தார். “கவனிக்கணும். நம்ம தேசத்து நாடகத்தை ஒரு அந்நியன் வந்து தொடங்கி வைக்கிறான். இதைவிடத் தேசத்துக்கு என்ன அவமானம் வேணும்? இந்த வேஷத்தையே எடுத்துடலாம்னு பாக்கறேன்.”

வேஷம் போனால் தொழில் போச்சு. தொழில் போனால் மலைக்காடு. வியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பல் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். நல்லவேளையாக ஒரு அங்கத்தினர், அந்நியன் வந்து நம்மைக் கும்பிடுவது நமக்குத்தானே கௌரவம் என்று கேட்டார். சனித் வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“அதுவும் சரிதான்,” என்றார். “வெளிநாடுகள் நம்மைக் கும்பிடணும். நிஜத்துல கும்பிடற வரைக்கும் மேடையிலயாவது கும்பிடட்டும். வேஷம் இருக்கட்டும். எங்கே வாசகம்?”

“என்ன வாசகங்க?”

“நீ சொல்ற வாழ்த்து. எழுத்துல குடு.”

“எழுத்தெல்லாம் கெடயாதுங்க. வர்றவங்கள பாத்து சொல்றதுதான். நேத்து சொன்னது இன்னிக்கு ஆகாதுங்க. நேத்துப் பிரசவ வலியோட வந்தவ இன்னிக்குக் கொழந்தையோட வருவா, இல்ல கொழந்த இல்லாம வருவா. அதப் பாத்துத்தான...”

“கேட்டீங்களா?” சனித் எழுந்து நின்றார். “கட்டுப்பாடு இல்லாத நல்லெண்ணம். இதுதான் நம்ம ஜனங்களோட குறை. ஒரு வாழ்த்து இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு இருந்தா, எந்த வாழ்த்தை அரசாங்கம் நம்பறது? நாங்க உன் கலையை அழிக்க வரல, வியன். அதை உன்கிட்டேயிருந்து காப்பாத்த வந்திருக்கோம். இப்ப சொல்லு. பிரயூன் எழுதிக்குவான்.”

வியன் தொப்பியைக் கழற்றி முண்டாசைக் கட்டினான். கட்டினதும் பயம் கொஞ்சம் விட்டது. பழக்கப்படி எதிரே இருந்த முகங்களைப் பார்த்தான். பல்வலிக்காரர் ஒருவர். இருட்டும்வரை வீட்டுக்கு விடாமல் உட்கார்த்திவைக்கப்பட்ட குமாஸ்தாக்கள் பத்துப் பேர். வாசல் வழியாக ஒரு சொறிநாய் வேறு உள்ளே வந்தது. ஆற்றங்கரை ஈரத்தில் அவனுக்கு ஒரு வாரமாக இருமல்.

“கடல் தாண்டி வந்த கேக் கும்பிடறேன்,” என்று தொடங்கி இருமினான். மறுபடி இருமினான். “பெரிய எஜமானோட கன்னம் வடியட்டும், பல்வலி இன்னிக்கே பறந்து போகட்டும். ஏ நாயே, அப்பால போ, ஒனக்கும் எங்கயாச்சும் ஒரு வாய்ச் சோறு கெடைக்கட்டும். இங்க ஒக்காந்திருக்கற ஒருத்தரும் இங்கயே கெடந்து சாகாம, நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும்.”

கடைசி வரிக்குக் குமாஸ்தாக்கள் தங்களை மறந்து சிரித்துச் ‘சாது’ என்றார்கள். பிரயூன் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தான். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அதில் இருமல் இருமுறை இருந்தது, பல்வலி இருந்தது, நாயும் இருந்தது. சனித் முத்திரை குத்தினார். கேக் வேஷத்துக்கு நாடு முழுவதும் இனி இதுதான் செம்மை வாசகம் என்றார். அடுத்த வாரம் இதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக் காட்டினால் வியனுக்குச் சான்றிதழ்.

“தன் வார்த்தையத் தானே சொல்றதுக்கு என்ன கஷ்டம்?” என்றான் தோங்கம், அன்று சாயங்காலம் கள் வாங்கிக்கொண்டு வந்து. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். வியனுக்குப் படிக்கத் தெரியாது. லமாய்க்கு எழுத்துக்கூட்டித் தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவன் திருப்பிச் சொன்னான்.

“இருமல வுட்டுட்டீங்க.”

“இருமல் போயிடுச்சேடி. மூணு நாளாச்சு.”

“போனாலும் இருமணும். போட்டிருக்கு. ரெண்டு.”

வியன் இருமினான். “நாய்னு சொல்லும்போது எங்க பாக்கறது? நாய் இல்லியே.”

“என்னப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் லமாய். அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “வெளையாடாதீங்க. அந்தப் படகுக்காரன் கையப் புடிச்சுப் பாத்தவ நான். எனக்கு அந்தச் சூடு இன்னும் மறக்கல. கிளிப்பிள்ள மாதிரிச் சொல்லிட்டு வந்துடுங்க, அப்புறம் மேடையில ஒங்க இஷ்டம்.”

வீட்டில் நன்றாகத்தான் சொன்னான். தேர்வு நாளில் கூடத்துக்குப் போய் முண்டாசைக் கட்டி நிமிர்ந்து பார்த்தான், கெட்டுப்போயிற்று. சனித்தின் கன்னம் வடிந்து, பல்லைப் பிடுங்கியிருந்தது. அதற்குப் பதிலாக அவர் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். யாரோ இறந்திருந்தார்கள். பல்வலி போகட்டும் என்று சொல்ல வாயெடுத்த வியனின் கண், அந்தக் கறுப்புத் துணியில் போய் நின்றுவிட்டது. இருபது வருஷப் பழக்கம். பழகின வழியில் போகும் காலைப் போல, அவன் பேச்சைக் கேட்காமல் வாய் தானே போயிற்று.

“பெரிய எஜமானோட மனசு ஆறட்டும்,” என்றான். “போனவங்க நல்ல எடத்துல பொறக்கட்டும்.”

சனித் குனிந்து கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிரயூன் பேனாவால் மேசையைத் தட்டினான். “வாசகத்துல இல்லை,” என்றான்.

“இல்லை,” என்று சனித்தும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீ யாரை நடிச்சுக் காட்டணும்?”

“போன வாரத்து வியனைங்க.”

“உனக்கு வியனைத் தெரியல. பிரயூன், காட்டு.”

பிரயூன் எழுந்து, வியனின் முண்டாசை வாங்கிக் கட்டிக்கொண்டான். இருமுறை இருமினான். பிடுங்கிவிட்ட பல்லின் வலி பறந்து போகட்டும் என்றான். காலியான வாசலைப் பார்த்து நாயை விரட்டினான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அங்கத்தினர்கள் கைதட்டினார்கள். வியனும் கைதட்டினான்; பையன் நன்றாகத்தான் செய்தான், அந்த இருமல் அசல் தன்னுடையதேதான் என்று அவனுக்கே பட்டது. சான்றிதழ் பிரயூனுக்குப் போயிற்று. வியன் விரும்பினால் பிரயூனிடம் மாணவனாகச் சேர்ந்து வியனின் கலையைக் கற்றுக்கொள்ளலாம், வகுப்பு அடுத்த மாதம் தொடங்கும் என்றார்கள். சாலை வேலைக்கு லாரி இந்த மாதக் கடைசியில்.

லமாய் சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாளே ஆபீசுக்கு ஓடினாள். அது புதன்கிழமை மத்தியானம். கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஆணும் பெண்ணுமாக வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது மனு வாங்குவதில்லை. வட்டத்துக்கு வெளியே நிற்பவரிடம் பேசுவதும் இல்லை. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வட்டத்துக்குள் நுழைந்தாள். உள்வட்டமும் வெளிவட்டமும் எதிரெதிராகச் சுற்றின. ஒவ்வொரு சுற்றிலும் சனித் அவள் எதிரே வந்து நாலு அடி ஆடிவிட்டு நகர்ந்தார்.

“ஐயா, எம் புருஷன்...” என்றாள் முதல் சுற்றில்.

“கை இன்னும் கொஞ்சம் உயரணும்,” என்றார் அவர், போய்விட்டார்.

“அவருக்குக் காடு ஆகாதுங்க, நெஞ்சு பலமில்ல,” என்றாள் அடுத்த சுற்றில்.

“சிரிச்ச முகமா. ஆட்டம் தேசத்தோட ஆரோக்கியம்.”

“ஒரு மாசம் தள்ளிப் போடுங்க ஐயா, அந்தப் பையன்கிட்டயே வந்து கத்துக்குவாரு.”

அந்தச் சுற்றில் சனித் சற்று நின்றார். வட்டமே முட்டிக்கொண்டு நின்றது. “அம்மா,” என்றார் கனிவாக, “எனக்கு வருத்தமா இல்லைன்னு நினைக்கிறீங்களா? நேத்து அவன் சொன்னது என் தாயாரைப் பத்தி. அவங்க போய் நாலு நாள்தான் ஆச்சு. ராத்திரி பூரா அழுதேன். அதனாலதான் அவனைத் தேத்த முடியல. ஒரு அதிகாரியை அழவைக்கிற வாசகத்தை நான் எப்படி அனுமதிக்கிறது?”

மத்தளம் மறுபடி வேகமெடுத்தது. அன்று ஆட்டம் முடிந்தபோது லமாய்க்குக் கை அசைவில் முதல் பரிசு என்று ஒரு சீப்பு கொடுத்தார்கள். அவள் அதை ஆற்றில் எறிந்தாள்.

லாரி ஏறும்போது வியன் தொப்பி போட்டிருந்தான். தொப்பி இல்லாதவரை ஏற்றிச்செல்லக் கூடாது என்று உத்தரவு. லமாய் அவன் கையில் ஒரு வெற்றிலைச் சுருளைத் திணித்தாள். பிறகு எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அழுத்தி முத்தமிட்டாள். சட்டப்படி அவன்தான் கொடுக்க வேண்டும் என்றார் போலீஸ்காரர். “அவரு திரும்பி வந்ததும் குடுப்பாரு. நீ உன் வேலையப் பாரு,” என்றாள் அவள்.

மலைக்காட்டில் வியன் பாறை உடைத்தான், மண் சுமந்தான். மழை நிற்கவே இல்லை. குடிசைக்குள் நாற்காலிகள் இல்லாததால் எல்லாரும் தரையில் கிடந்தார்கள், அதற்கு மட்டும் யாரும் அபராதம் போடவில்லை. காய்ச்சல் முதலில் பக்கத்துப் பாய்க்கு வந்தது, பிறகு அவன் பாய்க்கு. குளிர் தூக்கிப்போடும் நேரம் போக மற்ற நேரத்தில், ‘கேக்கண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லு’ என்று யாராவது கூப்பிடுவார்கள். அவன் ஊர்ந்து போய் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்வான். முண்டாசு இல்லை, தாடி தானாகவே வளர்ந்திருந்தது. முகாம் அதிகாரி கொய்னா கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு லாரி வருகிறது என்று சேதி வந்தபோது, நடக்க முடிந்தவர்கள் எல்லாம் சாலைக்கே போய் நின்றார்கள்.

லாரியிலிருந்து நாற்காலிகள் இறங்கின. தொழிலாளரின் மனச்சோர்வைப் போக்கச் செம்மை லிக்கே. தோங்கமும் மத்தளக்காரரும் இறங்கினார்கள், லமாய் இறங்கினாள். இறங்கியதும் அவள் முகம் முகமாகத் தேடினாள். வியனைத் தாண்டியே இரண்டு முறை போய்விட்டாள். அவ்வளவு இளைத்திருந்தான்.

“இங்க பாரு, ராணியம்மா,” என்றான் அவன் கீழேயிருந்து.

அவள் அப்படியே மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. அவளுக்குத் தெரிந்த சூடு அது. வாய்விட்டு அழுதாள். கலைஞர்கள் தரையில் உட்காரக் கூடாது என்று யாரோ சொன்னது அவள் காதில் விழவில்லை.

கூடவே வந்திருந்த சனித் நாற்காலிமேல் ஏறி நின்று பேசினார். “நண்பர்களே! நீங்க மருந்து கேட்டிருந்ததா அறிகிறேன். மருந்து உடம்பை மட்டும்தான் குணப்படுத்தும். அதுவும் சில சமயம். கலை மனசைக் குணப்படுத்தும். மனசு சரியா இருக்கிறவனுக்குக் காய்ச்சல் தெரியாது. மருந்துக்கு இடம் வைச்சா நாற்காலிக்கு இடம் பத்தலை. நாங்க யோசிச்சு முடிவெடுத்தோம்.”

பிரயூன் முண்டாசோடு வந்தான். அவனும் வெளிறித்தான் இருந்தான். எதிரே பார்க்காமல் இருக்க ஒரு மரத்தின் உச்சியைப் பார்த்து நின்றான். “கடல் தாண்டி வந்த கேக் கும்பிடறேன்,” என்று தொடங்கினான். அவன் இருமுவதற்கு முன்னால் தரையிலிருந்து யாரோ இருமினார்கள். இருமுறை. வியன்தான். லமாயின் மடியில் கிடந்தபடியே, பல்வலி பறந்து போகட்டும் என்று பிரயூனோடு சேர்ந்து சொன்னான். நாயைப் போகச் சொன்னான், அதற்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்கட்டும் என்றான். சுற்றிலும் கிடந்தவர்களை ஒருமுறை பார்த்தான். “இங்க ஒக்காந்திருக்கற ஒருத்தரும் இங்கயே கெடந்து சாகாம, நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும்.” அந்த முகங்களைப் பார்த்தால் யாருக்கும் வேறு எதுவும் சொல்லத் தோன்றாது.

‘சாது’ என்றது முகாம். கை தூக்க முடியாதவர்கள் விரலைத் தூக்கினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு எழுத்துப் பிசகலை!” என்றார் சனித். உண்மையான சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியது. “பாத்தீங்களா? கண்டிப்பு இருந்தா கலை தானா வரும்!” அங்கேயே சான்றிதழை எழுதிக் கையெழுத்திட்டு வியனின் கையில் வைத்தார். காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

“அப்ப இவர நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் லமாய்.

அதில்தான் சிக்கல் என்றார் முகாம் அதிகாரி. முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் தொழிலற்றவர்கள். விடுவிக்க வேண்டுமானால் தொழிலற்றவரைத்தான் விடுவிக்க முடியும். சான்றிதழ் பெற்ற கலைஞர் முகாமிலேயே இருக்க முடியாது. இல்லாதவரை எப்படி விடுவிப்பது? தலைநகருக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். சனித் அதை ஒரு அருமையான கேள்வி என்று பாராட்டினார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வியனுக்கு மூச்சு இழுத்தது. லமாயின் கன்னத்தை நோக்கித் தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் குனிந்து கன்னத்தை அவன் உதட்டில் வைத்தாள். அப்படியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு சிக்கலும் இல்லை. கலைஞர் என்பதால் முகாம் சாவுக்கணக்கில் அவனைச் சேர்க்க முடியாது. சாலையோரத்தில் புதைக்கவும் முடியாது. நாற்காலிகளை ஒதுக்கி நடுவில் இடம் செய்து லாரியில் ஏற்றினார்கள். வியன் வீடு போய்ச் சேர்ந்தான். அந்த முகாமிலிருந்து அந்த வருஷம் வீடு போய்ச் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான்.

கோயில் சுடுகாட்டில் ஊரே கூடியிருந்தது. சான்றிதழ் பெற்ற கலைஞரின் தகனம் என்பதால் சனித்தும் வந்திருந்தார். செம்மை வாசகத்துக்கு முதல் தியாகி என்று வியனைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, வாழ்த்துச் சொல்லப் பிரயூனுக்குச் சைகை காட்டினார். பிரயூன் முண்டாசை எடுத்தான். லமாய் போய் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். பையன் மறுக்காமல் கொடுத்துவிட்டான். அவள் அதைத் தன் தலையில் கட்டிக்கொண்டு பிணத்தின் தலைமாட்டில் வந்து நின்றாள்.

“சான்றிதழ் இல்லாம கேக் வேஷம் கட்டக் கூடாது,” என்றார் சனித்.

லமாய் இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

“இது வியனோடதும்மா.”

“நானும் வியனத்தான் நடிக்கிறேன். இந்தத் தம்பி நடிக்கலியா?”

சனித் அங்கத்தினர்களைப் பார்த்தார். அதற்கு விதி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவள் கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல்.

“கடல் தாண்டி வந்த கேக் கும்பிடறேன்,” என்றாள். குரல் உடைந்தது. இருமினாளோ அழுதாளோ தெரியவில்லை. “புள்ளைய மலைக்கு அனுப்பிட்டு நிக்கற அம்மா, ஒன் வாசல்ல காலடிச் சத்தம் கேக்கட்டும். பிரயூன் தம்பி, ஒனக்குன்னு ஒரு வார்த்த ஒன் வாயில வரட்டும். பெரிய எஜமான் நோய்நொடி இல்லாம நீண்ட ஆயுசோட இருக்கணும். பல்லெல்லாம் கெட்டியா இருக்கணும். மறதி மட்டும் வரவே கூடாது. அந்த மலையில கெடக்கற ஒவ்வொருத்தன் மொகமும் கடைசி மூச்சு வரைக்கும் எஜமான் கண்ணு முன்னாலயே நிக்கணும்.”

‘சாது’ என்றது கூட்டம், சுடுகாட்டுக் காகங்கள் எழும்பும்படி. சனித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில் கைகூப்பி, “சாது” என்றார். வாழ்த்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் என்ன வாழ்த்து என்று அவருக்கு உறைத்தது. அதை ரத்து செய்ய ஏதாவது விதி இருக்கிறதா என்று பக்கத்தில் திரும்பி மெதுவாகக் கேட்டார். லமாய் அப்போது நெருப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.